நிரலாக்கம் பயில்வார்க்கு வேண்டிய பழக்கங்கள்

கலைகளுள் சில கேட்டலால் வருவன. சில படித்தலால் வருவன. வேறு சில செய்து பழகுதலால் மட்டுமே வருவன. நீந்துதலைப் பற்றிய நூலொன்றை முற்றும் மனப்பாடஞ் செய்தவன், ஆற்றில் இறங்கிய அன்றே அக்கரை சேர்வான் என்று ஒருவரும் நம்பார். வீணையின் இலக்கணத்தை ஐயந்திரிபறக் கற்றவன், நரம்பைத் தொட்ட மாத்திரத்தில் இன்னிசை எழுப்புவான் என்றும் கருதார். ஆயினும், கணினிக்கு நிரல் எழுதும் கலையை மட்டும், பரீட்சைக்கு முந்திய இரவில் கண்விழித்துப் படித்துக் கைவரச் செய்துவிடலாம் என்று நம் மாணவருட் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணமே அவர்தம் இடர்களுக்கெல்லாம் வித்தாகின்றது.

நிரலாக்கம் இந்நாளில் கணிதமும் விஞ்ஞானமும் பயில்வார்க்கு மட்டும் உரிய பாடமன்று. வணிகவியல் மாணவரும், பொருளியல் மாணவரும், எம்போல் தமிழ் பயில்வாருட் சிலரும் அதனை விருப்பப் பாடமாக ஏற்கின்றனர். ஏற்றவர் அனைவரும் கரையேறுகின்றனரோ எனின், இல்லை. டென்மார்க்கு நாட்டு அறிஞர்களாகிய பெனட்ஸன், காஸ்பர்ஸன் என்னும் இருவர், பல நாட்டுக் கல்லூரிகளில் முதல் நிரலாக்கப் பாடத்தின் தேர்ச்சியை ஆராய்ந்து, நூற்றுக்கு ஏறத்தாழ 33 பேர் தேறாது நிற்கின்றனர் என்று 2007ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 2014ஆம் ஆண்டில் வாட்ஸன், லி என்போர் செய்த ஆராய்ச்சியிலும் தேர்ச்சி பெற்றவர் நூற்றுக்கு 67.7 என்றே கண்டனர். முன்னவர் இருவரும் 2019ஆம் ஆண்டில் மீண்டும் ஆராய்ந்தபோது தோல்வியின் அளவு 28ஆகக் குறைந்திருந்தது. எவ்வாறாயினும், ஒரு வகுப்பில் மூவரோ நால்வரோ சேர்ந்தமர்ந்தால் அவருள் ஒருவர் இப்பாடத்தில் இடறுகின்றார் என்பது போதரும்.

இத்தோல்வியின் கேடு மதிப்பெண் இழப்போடு நின்றுவிடுவதன்று. சிற்றூரில் தமிழ்வழி பயின்று, தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த மாணவர் ஒருவர், முதல் தேர்வில் குறைந்த எண் பெற்றவுடன், “இக்கலை என் போன்றார்க்கு உரியதன்று, ஆங்கிலம் வல்லார்க்கும் நகரத்தார்க்குமே உரியது” என்று முடிவு கட்டிவிடுகின்றார். ஒரு பாடத்தை இழத்தல் சிறிது. தம்மீது தாம் வைத்த நம்பிக்கையை இழத்தல் பெரிது. அம்முடிவு தவறென்பதையும், குறை பெரும்பாலும் பிறவியிலன்றிப் பழக்கத்திலேயே உள்ளதென்பதையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், ஆங்கிலம் பற்றிய அச்சத்தை நோக்குவோம். நிரல்மொழிகள் ஆங்கிலச் சொற்களை மேற்கொண்டன என்பது மெய்யே. ஆயின், அச்சொற்கள் எத்துணை? 1989ஆம் ஆண்டில் தரப்படுத்தப்பெற்ற சி மொழியில் ஒதுக்கப்பட்ட சொற்கள் 32 மட்டுமே. இந்நாளில் கல்லூரிகளிற் பெரிதும் பயிற்றப்பெறும் பைதான் மொழியிலும் அவை 35 அளவினவே. ஒரு சிறுவன் தமிழ் நெடுங்கணக்கில் கற்கும் எழுத்துக்கள் 247 ஆதலின், அவற்றுள் ஏழில் ஒரு பங்கும் இல்லாத சொற்களைக் கற்றல் அரிதாகுமோ? அரிதாவது சொல்லன்று, அச்சொற்களைக் கொண்டு ஒரு கருத்தைப் பிழையறக் கோக்கும் முறையே. அம்முறை எம்மொழியார்க்கும் பொது.

மேலும், அம்முறை தமிழ் மாணவர்க்கு முற்றும் புதியதுமன்று. மெய் பதினெட்டனுள் ஒன்றை எடுத்து, அதனோடு உயிர் பன்னிரண்டையும் முறையே கூட்டி, பின் அடுத்த மெய்யை எடுத்து மீண்டும் அவ்வாறே கூட்டிச் செல்ல, உயிர்மெய் 216 பிறக்கின்றன. இதனையே நிரலாக்க நூலார், மடக்கினுள் மடக்கு என்பர். வெளிமடக்கு 18 முறை சுழல, அதன் ஒவ்வொரு சுழற்சிக்கும் உள்மடக்கு 12 முறை சுழல்கின்றது. நிலைமொழியின் ஈறு இன்னதாயின், வருமொழியின் முதல் இன்னதாயின், இன்ன விகாரம் வரும் என்னும் புணர்ச்சி விதியும், நிரலில் வரும் நிபந்தனைக் கூற்றும் வடிவால் ஒன்றே. ஆகவே, அஞ்சுதற்கு இடமில்லை. இனி, மேற்கொள்ளத்தக்க பழக்கங்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, நாடோறும் சிறிது பயிலுதல். ஹெர்மன் எபிங்ஹௌஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடஞ் செய்து, எத்துணைக் காலத்தில் எத்துணை மறக்கின்றோம் என்று சோதித்து, 1885ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். மறதி தொடக்கத்தில் மிக விரைந்தும், பின்னர் மெல்லெனவும் நிகழ்கின்றது என்பது அவர் கண்ட உண்மை. ஆதலின், வகுப்பிற் கேட்டதை அன்றைப் பொழுதிலேயே ஒருமுறை செய்து பார்த்தல் இன்றியமையாதது. வாரத்தில் ஒரு நாள் ஆறு மணி நேரம் அமர்தலினும், ஆறு நாளும் ஒவ்வொரு மணி நேரம் அமர்தல் நன்று. இப்பாடம் படிக்கட்டுப் போன்றது என்பதையும் கருதுக. மாறி இன்னதென்று அறியாதவன் நிபந்தனையை அறியான். நிபந்தனையை அறியாதவன் மடக்கை அறியான். மடக்கை அறியாதவன் பட்டியலையும் செயற்கூற்றையும் கனவிலும் அறியான். இரண்டாம் வாரத்திற் சோம்பியிருந்தவன் ஆறாம் வாரத்திற் கண்விழித்துப் பயனில்லை.

இரண்டாவது, இயக்குமுன் விடையை ஊகித்தல். நூலில் உள்ள நிரலைக் கண்ணால் ஓட்டி, “விளங்கிற்று” என்று ஏட்டை மூடுதல் பெரும்பாலோர் வழக்கம். விளங்கியது போன்ற அவ்வுணர்ச்சி நம்பத்தக்கதன்று. ரோடிகர், கார்ப்பிக் என்னும் உளநூலார் இருவர் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியை மீண்டும் மீண்டும் படித்த மாணவர், ஐந்து நிமிடங் கழித்து வைத்த தேர்வில் முந்தினர். ஆயின், ஒரு வாரங் கழித்து வைத்த தேர்விலோ, படித்ததை நூலைப் பாராது நினைவுகூர்ந்து எழுதிப் பழகியவரே முந்தினர். ஆகையால், நிரலொன்றைக் கண்டவுடன், இது திரையில் எதனைக் காட்டும் என்று தாளில் எழுதிக்கொண்டு, அதன் பின்னரே இயக்குக. பைதான் மொழியில் 1 முதல் 10 வரை என்று வீச்செல்லை கொடுத்தால் மடக்கு 9 உடன் நின்றுவிடும் என்பதை நூலிற் படித்தவன் மறப்பான். 10 வருமென்று எழுதிவைத்து, வாராமை கண்டு வியந்தவன் மறவான். அதுவேயுமன்றி, நூலில் உள்ள நிரலை மறுநாள் ஏட்டை மூடி வெற்றுத் தாளில் எழுதிப் பார்க்க. இயலாத இடமே நாம் அறியாத இடம்.

மூன்றாவது, விசைப்பலகையைத் தொடுமுன் தாளைத் தொடுதல். ஹங்கேரி நாட்டிற் பிறந்த கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா, 1945ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில், கணக்கொன்றைத் தீர்ப்பதற்கு நான்கு படிகளை வகுத்தார். கேட்கப்பட்டது யாதென்று உணர்தல், வழியொன்றை வகுத்தல், அவ்வழியே செய்து முடித்தல், முடித்ததைத் திரும்ப நோக்குதல் என்பன அவை. நம் மாணவர் முதலிரண்டையும் விடுத்து மூன்றாவதிலேயே தொடங்குகின்றனர். ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். “கொடுக்கப்பட்ட எண்களுட் பெரியது யாது?” என்பது வினா. எண்களை ஒன்றன்பின் ஒன்றாக நமக்கு வாசிப்பாரெனின், நாம் யாது செய்வோம்? இதுகாறும் கேட்டவற்றுட் பெரியதை மனத்தில் நிறுத்தி, புதிதாய்க் கேட்பது அதனினும் பெரிதாயின் பழையதை நீக்கிப் புதியதை நிறுத்துவோம். இதனை நல்ல தமிழில் நான்கு வரியாக எழுதிக்கொண்டால், நிரலாக மாற்றுதல் எழுத்தர் வேலையே. எழுதியபின், மாறிகளின் பெயர்களை மேலே இட்டு ஒரு கட்டம் வரைந்து, ஒவ்வொரு சுழற்சியிலும் எதன் மதிப்பு யாதாயிற்று என்று கையால் நிரப்பிப் பார்க்க. பரீட்சையில் கணினியின்றித் தாளிலேயே நிரல் எழுத வேண்டியவர்க்கு இக்கட்டத்தினும் சிறந்த துணை பிறிதில்லை.

நான்காவது, பிழையைக் கண்டு அஞ்சாது அதனை வாசித்தல். திரையிற் பிழைச்செய்தி தோன்றியவுடன் பலர் அதனை ஒரு வசைமொழியாகக் கருதி முகஞ்சுளித்து, நிரலில் ஆங்காங்கே எதையேனும் மாற்றத் தலைப்படுகின்றனர். இஃது இருளிற் கல்லெறிவதாம். 1949ஆம் ஆண்டு மே மாதத்தில் கேம்பிரிட்ஜில் முதன்முதல் இயங்கிய எட்சாக் என்னும் கணினியை அமைத்த மாரிஸ் வில்க்ஸ் என்பார், தம் வாழ்நாளின் எஞ்சிய காலத்திற் பெரும்பகுதி தம் நிரல்களிலுள்ள பிழைகளைத் தேடுவதிலேயே கழியும் என்று அவ்வாண்டிலேயே உணர்ந்ததாகத் தம் நினைவுக் குறிப்பிற் கூறியுள்ளார். அத்தகையார்க்கே அந்நிலை எனின், முதலாண்டு மாணவர் வெட்குவது எற்றுக்கு?

பிழை மூவகைப்படும். எழுத்தும் குறியும் இலக்கணந் தவறுதல் தொடரியல் பிழை. இயங்கும்போது நடுவே நின்றுவிடுதல் இயக்கநேரப் பிழை. முட்டின்றி இயங்கியும் தவறான விடை தருதல் தருக்கப் பிழை. முன்னிரண்டையும் கணினியே சொல்லிவிடும். பைதானில் செய்தியின் கடைசி வரியை முதலில் வாசிக்க. பிழையின் வகை அங்கிருக்கும். சி மொழியில் பல பிழைகள் ஒருங்கே தோன்றின், முதலாவதை மட்டும் முன்னர்த் திருத்துக. ஏனையவற்றுட் பல அதன் வழித்தோன்றல்களாதலின் தாமே மறையும். குறிக்கப்பட்ட வரியிற் குற்றங் காணாவிடின், அதற்கு மேல் வரியை நோக்குக. அங்கே ஓர் அரைப்புள்ளி விடுபட்டிருத்தல் கூடும். ஒருகாலத்து ஒன்றையே மாற்றி இயக்குக. இரண்டை மாற்றின், பயன் எதனால் வந்ததென்று அறிய இயலாது. மூன்றாம் வகையே கொடிது. பைதானில் பயனர் தட்டச்சிடும் 5, 7 என்பன எண்ணாக மாற்றப்படாதவழி வெறும் எழுத்துச்சரமாகவே நிற்கும். அவற்றைக் கூட்டின் 12 வாராது, 57 வரும். கணினி இதனைப் பிழையென்று கூறாது. சிறு குறிப்பேடு ஒன்று வைத்து, கண்ட பிழை, அதன் காரணம், திருத்திய வகை என மூன்றையும் எழுதிவருக. ஒரு திங்களில் அவ்வேடு எவ்வாசிரியரும் எழுதித்தர இயலாத பாடநூலாகிவிடும். ஏனெனில், அது நும் பிழைகளுக்கென்றே அமைந்த நூல்.

ஐந்தாவது, சரியென்று தோன்றிய நிரலையும் ஐயுறுதல். மேற்காட்டிய பெரிய எண் காணும் நிரலில், தொடக்கத்தில் மனத்தில் நிறுத்தும் எண்ணை 0 என்று வைப்பார் பலர். 4, 9, 2 எனக் கொடுத்தால் விடை 9 என்றே வரும், மாணவர் மகிழ்வர். ஆயின், கழித்தல் குறியுடைய எண்களாக -7, -3, -9 எனக் கொடுத்துப் பார்க்க. ஒன்றும் 0இனும் பெரிதன்று. ஆதலின், கொடுக்கப்பட்ட எண்களில் இல்லாத 0 விடையாக வந்து நிற்கும். முதலெண்ணையே தொடக்கமாகக் கொள்வதே இதற்கு மருந்து. எல்லையில் நிற்கும் மதிப்புக்களைக் கொடுத்துச் சோதியாமையால் விளையும் கேட்டினை உலகம் ஒருமுறை கண்கூடாகக் கண்டது. 1996ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள், ஐரோப்பியரின் ஏரியன் 5 என்னும் ராக்கெட்டு முதன்முறை விண்ணோக்கி எழுந்து, ஒரு நிமிடமும் நிறையாமுன் வெடித்துச் சிதறிற்று. 64 பிட்டு அளவுடைய எண்ணொன்றை 16 பிட்டுக்குள் அடக்க முயன்றபோது அது கொள்ளாமற் போனதே காரணம். அந்நிரற்பகுதி பழைய ஏரியன் 4இல் இடரின்றி வேலை செய்ததே. புதிய ராக்கெட்டின் வேகத்திற்கு அது சோதிக்கப்படவில்லை. ஆகவே, வெறுமை, பூச்சியம், ஒன்று, கழித்தல் எண், மிகப் பெரிய எண் ஆகிய ஐந்தையும் கொடுத்துப் பாராமல் நிரல் முடிந்ததென்று எழாதிருப்பாயாக என்று ஒவ்வொரு மாணவரும் தமக்குத் தாமே கட்டளையிட்டுக்கொள்ளல் நலம்.

ஆறாவது, பிறர் எழுதியதைத் தமதாகக் காட்டாமை. செய்முறைத் தேர்வுக்குப் பத்து நிரல்களை எழுத்துப் பிசகாமல் மனப்பாடஞ் செய்து, சீட்டில் வந்ததை ஒப்பிக்கும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. 2022ஆம் ஆண்டு நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின், மனப்பாடஞ் செய்யும் முயற்சியும் வேண்டாதாயிற்று. வினாவை இட்டால் நிரல் நொடிப்பொழுதில் வருகின்றது. பவணந்தியார் தம் நன்னூலில் மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி முதலாக எட்டுப் பொருள்களோடு உவமித்தார். சொன்னதையே சொல்லும் கிளியை அவர் இடைமாணாக்கர்க்கு உவமையாக்கினார். நிரலாக்கப் பாடத்திலோ கிளிக்கு அவ்விடமும் கிட்டாது. ஏனெனில், வினாவில் ஓர் எண் மாறினும் ஒப்பித்த நிரல் உதவாது. மேய்ந்ததை ஓரிடத்திருந்து அசைபோடும் பசுவே இங்கு வழிகாட்டி. செயற்கை நுண்ணறிவுக் கருவியை அறவே விலக்குக என்று யாம் கூறவில்லை. முதலில் தாமே அரைமணி நேரமேனும் முயன்று, பின்னர், “இவ்வரி ஏன் இவ்வாறு செய்கின்றது?” என்று அதனை வினவுதல் கற்றல், “இதனை எழுதித் தருக” என்று கேட்டுப் படியெடுத்தல் கற்றலன்று. அக்கருவி தரும் நிரலிலும் பிழை இருத்தல் உண்டு. அதனைக் காணும் கண், தாமே எழுதிப் பிழைபட்டவர்க்கே உளதாகும்.

ஏழாவது, எடுத்துரைத்தலும் வினவுதலும். ஹண்ட், தாமஸ் என்போர் 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட நிரலாளர் நூலொன்றில், மேசைமேல் ரப்பர் வாத்து ஒன்றை வைத்து, அதற்குத் தம் நிரலை வரி வரியாக விளக்கும் முறை கூறப்பட்டுளது. நகைப்புக்கு இடமாயினும் இதில் உண்மை உண்டு. பிறர்க்கு உரைக்கப் புகும்போதே, நாம் எழுதியதற்கும் எண்ணியதற்கும் உள்ள வேறுபாடு தானே வெளிப்படும். வாத்தினும் அறைத்தோழர் சிறந்தவர். அவர் மறுத்து வினவுவர். அங்ஙனமும் தீராத ஐயத்தை ஆசிரியரிடம் கொண்டுசெல்க. செல்லுங்கால், “ஐயா, வரவில்லை” என்று மட்டுங் கூறாது, யாது எதிர்பார்த்தேம், யாது நிகழ்ந்தது, எவ்வெவற்றை முயன்றேம் என மூன்றையும் கூறுக. ஆங்கிலத்தில் வினவத் தெரியாதென்று வாளாவிருத்தல் வேண்டா. தமிழில் வினவுக, ஐயம் தமிழிலேயே பிறந்ததன்றோ?

இவ்வேழு பழக்கங்களும் அரியன அல்ல. பொருட்செலவு உடையனவும் அல்ல. வேண்டுவன ஒரு குறிப்பேடு, ஓர் எழுதுகோல், நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் என்பனவே. சொந்தக் கணினியில்லாத மாணவரும், தாளில் எழுதுதல், கட்டம் நிரப்புதல், விடை ஊகித்தல் ஆகியவற்றை விடுதியில் முடித்துக்கொண்டு, ஆய்வுக்கூடத்திற் கிடைக்கும் நேரத்தை இயக்கிப் பார்ப்பதற்கே செலவிடலாம். அவ்வாறு செய்பவர், கணினி உடையராயிருந்தும் எண்ணாது தட்டுவாரினும் முற்பட்டு நிற்றல் உறுதி.

இனி, தமிழ் மாணவர் இதனைக் கற்று யாது பயன் என்று வினவுவார் உளர். அவர்க்கு ஒரு சிறு சோதனையையே விடையாகத் தருகின்றோம். பைதான் மொழியில் ‘தமிழ்’ என்னும் சொல்லைக் கொடுத்து, இதன் நீளம் எவ்வளவு என்று கேட்க. 5 என்று விடை வரும். நம் இலக்கணத்தின்படி த, மி, ழ் என எழுத்து மூன்றே. கணினியோ யூனிகோடு முறைப்படி த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்தாகச் சேமித்து, அவ்வைந்தையும் எண்ணுகின்றது. இலக்கணம் அறியாத நிரலாளர் அவ்விடையைச் சரியென்று ஏற்றுக்கொள்வர். நிரலாக்கம் அறியாத புலவர் அது பிழையென்று கூறுவரேயன்றித் திருத்த அறியார். இரண்டும் அறிந்த ஒருவரே எழுத்தைச் சரியாக எண்ணுவிப்பார். எழுத்தெண்ணுதலிலேயே இத்துணைச் சிக்கல் உளதெனின், அசை பிரித்தல், சந்தி பிரித்தல், பழஞ்சுவடிகளை அச்சேற்றித் தேடுதல் ஆகியவற்றில் எத்துணைப் பணி கிடக்கின்றது! அப்பணியைச் செய்தற்குரியார் வேறெங்கோ இருந்து வருவார் என்று காத்திருத்தல் அறியாமை. நம் வகுப்பின் கடைசிப் பலகையில், முதல் தேர்வில் எண் குறைந்து தலைகவிழ்ந்திருக்கும் மாணவரே அவராதல் கூடும். அவர் தலை நிமிர்வதற்கு வேண்டுவது புதிய மூளையன்று. நாடோறும் ஒரு மணி நேரமும், பிழையை வாசிக்கும் பொறுமையுமே என்க.